பர்ரைக் கையில் எடுக்கும் முன்: வேர்ச்சிகிச்சையில் பல்லின் கடினத்தை எடைபோடும் முறை

வேர்ச்சிகிச்சையில் கால்வாயைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் மெல்லிய உலோகக் கருவியான ஃபைல் உடைவதற்கும், வேரின் பக்கச்சுவர் துளைபடுவதற்கும், வேருக்குள் ஓடும் கால்வாய் ஒன்று கண்ணில் படாமலே போய்ப் பின்னால் சீழ்க்கட்டியாகத் திரும்பி வருவதற்கும் உரிய காரணம் பெரும்பாலும் முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயிலும் நோயாளி வாயைத் திறந்த அளவிலுமே தெரிந்திருக்கும். பல் கடினமாக ஆகப் பிழை கூடும் என்பதைச் சொல்ல ஆய்வுகள் வேண்டியதில்லை. ஆயினும் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக மாணவர் கிளினிக்கில் செய்து 2018இல் வெளியான ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் அதை உறுதி செய்திருக்கின்றன. சிறு ஊர்க் கிளினிக்கில் தனியாக உட்கார்ந்திருக்கும் பல் மருத்துவருக்கு அதைவிடப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. ஒவ்வொரு வகைக் கடினமும் தனக்கே உரிய பிழையைக் கூட்டி வருகிறது. சாய்ந்த பல்லில் துளை விழும், வளைந்த வேரில் படி (ஃபைல் வழிதவறிச் சுவரில் வெட்டும் திட்டு) விழும், மூடாத நுனியில் மருந்து வெளியே போகும். ஆகவே 'இது கஷ்டமான கேஸ்' என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதில் பயன் குறைவு; எந்தக் கட்டத்தில் எந்தப் பிழை காத்திருக்கிறது என்பதை நோயாளியின் தாளில் ஒரு வரியாக எழுதிவிட்டு வேலையைத் தொடங்குவதே முறை. கோபி, தாராபுரம், இராசிபுரம், அவிநாசி போன்ற ஊர்களில் பி.டி.எஸ். முடித்துத் தனியாகத் தொழில் நடத்துவோரை மனத்தில் வைத்து இக்குறிப்பு எழுதப்படுகிறது.

படிவமும் அதன் கணக்கும்

அமெரிக்க எண்டோடான்டிஸ்ட்டுகள் (வேர்ச்சிகிச்சை வல்லுநர்கள்) சங்கம் வெளியிட்டுள்ள கடின மதிப்பீட்டுப் படிவம் பரவலாகப் பயன்படுகிறது. நோயாளி, நோய்க்கணிப்பும் சிகிச்சையும், கூடுதல் சூழல் என்னும் மூன்று தலைப்புகளில் அது ஒவ்வொரு கூறையும் குறைந்த கடினம், நடுத்தரம், மிகுந்த கடினம் என்று பிரிக்கிறது. பலர் இப்படிவத்தைத் தேர்வுத்தாள்போல மதிப்பெண் கூட்டிச் சராசரி பார்க்கிறார்கள், அது தவறு. மிகுந்த கடினப் பத்தியில் ஒரே ஒரு கூறு இருந்தாலும் முழுக் கேசும் மிகுந்த கடினமே. நடுத்தரப் பத்தியில் பல கூறுகள் சேர்ந்தாலும் அதே முடிவுதான். பத்துக் கூறுகள் எளிதாக இருந்து வேர் மட்டும் 'எஸ்' வடிவில் வளைந்திருந்தால், அந்தப் பத்தும் அந்த ஒன்றை ஈடுகட்ட மாட்டா.

படிவத்தின் எண்களில் சிலவற்றை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். வேரின் வளைவு 10 பாகைக்குள் இருந்தால் எளிது, 10 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால் மிகுந்த கடினம். பல்லின் சாய்வுக்கும் இதே அளவுகள்தாம். பல்லின் நீளம் 25 மி.மீட்டரைத் தாண்டினால் மிகுந்த கடினம். வேர்நுனித் திறப்பு 1 மி.மீட்டருக்குள் எளிது, 1.5 மி.மீட்டருக்கு மேல் மிகுந்த கடினம். முன்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும் எளிதில் தொடங்க, முதல் கடைவாய்ப்பல் நடுத்தரத்தில் நிற்கிறது. இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்கள் இடத்தினாலேயே மிகுந்த கடினம் ஆகிவிடுகின்றன. நம் கிளினிக்குகளில் அன்றாடம் வரும் கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல்லை நாம் சாதாரணக் கேசாகவே நினைத்துப் பழகிவிட்டோம் என்பதை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும்.

இந்த மதிப்பீட்டுக்கெல்லாம் முன், அந்தப் பல்லைப் பின்னால் நிலைநிறுத்த முடியுமா என்று பார்த்துவிடுங்கள். கேப் பிடித்து நிற்க ஈறுக்கு மேல் சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. வரை நல்ல பல் இல்லையென்றாலோ, வேர் நெடுகப் பிளந்திருந்தாலோ, கால்வாய் எவ்வளவு நேராக இருந்தும் பயனில்லை.

நோயாளியைப் பார்ப்பது

வாய்த் திறப்பை விரலால் அளந்துவிடலாம். நோயாளியின் மூன்று விரல்கள் முன்பற்களுக்கிடையே செங்குத்தாக நுழைந்தால் போதுமான திறப்பு. பாக்கு, பான் மசாலா பழக்கத்தால் கன்னத்தின் உட்பகுதி நார்போல இறுகிவிட்டவர்களுக்கு இரண்டு விரலே நுழையாது. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா விற்பனைக்கு 2013இல் தடை வந்தும் பழக்கம் நின்றபாடில்லை. வெற்றிலை பாக்கோ தடைக்குள்ளேயே வராதது. இப்படிப்பட்டவரின் இரண்டாம் கடைவாய்ப்பல்லில் 25 மி.மீ. ஃபைலைக் கைப்பிடியோடு நேராக இறக்க இடமே இராது. ஃபைலைச் சாய்த்து நுழைக்கத் தொடங்கியதும் நேரான கால்வாய்கூட வளைந்த கால்வாயாகிவிடும். 21 மி.மீ. ஃபைலும் சிறுதலைக் கைக்கருவியும் ஓரளவு உதவும். திறப்பு அதற்கும் போதாதென்றால் அனுப்பிவைப்பதே சரி.

மரத்துப்போகும் ஊசி பிடிக்குமா என்பதும் கடினத்தில் ஒரு பங்கு. பல்லுக்குள்ளிருக்கும் நரம்புத் திசுவான கூழ் கடுமையாக அழன்று, மூன்று இரவு தூங்காமல் வந்தவரின் கீழ்க் கடைவாய்ப்பல்லில் நரம்புத்தடை ஊசி மட்டும் பல வேளைகளில் போதாது. உதடு மரத்திருந்தும் பல்லைக் குடையும் பர் பட்டதும் நோயாளி துள்ளினால், மருத்துவரின் கை அவசரப்படும். அவசரத்தில் கூழறையின் (கூழ் இருக்கும் அறையின்) கூரையை முழுதும் எடுக்காமல் கிடைத்த துளை வழியே ஃபைலை விடுவதும், அதனால் ஒரு கால்வாய் விட்டுப்போவதும் நடக்கும். கன்னப்பக்கக் கூடுதல் ஊசி, பல்லைச் சுற்றியுள்ள சவ்வில் போடும் ஊசி, கடைசியாகக் கூழுக்குள்ளேயே போடும் ஊசி என்று வரிசையாகத் தயார் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஆகியவற்றை எல்லோரும் கேட்கிறோம். எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்பொனேட் மருந்து எடுப்பவரையும், தாடையில் கதிர்வீச்சு பெற்றவரையும் கேட்டறியாமல் விடக்கூடாது. அவர்களுக்குப் பல்லைப் பிடுங்குவது ஆபத்து என்பதால், வேர்ச்சிகிச்சை தோற்றால் 'எடுத்துவிடலாம்' என்ற வழக்கமான மாற்றுவழி கிடையாது. பல் எளிதாகத் தோன்றினாலும் இவர்கள் அனுபவம் மிகுந்தவரிடம் போக வேண்டியவர்கள்.

எக்ஸ்ரேயை வாசிப்பது

ஒரே எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு கடைவாய்ப்பல்லில் இறங்குவது கூடாது. நேராக ஒன்று, குழாயை முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ சுமார் 20 பாகை நகர்த்தி இன்னொன்று என்று இரண்டு வேண்டும். நகர்த்திய படத்தில் நாக்குப் பக்கம் இருப்பது குழாய் போன திசையிலேயே போகும். கன்னப் பக்கம் இருப்பது எதிர்த்திசையில் விலகும். ஒன்றின்மேல் ஒன்றாய் மறைந்துகிடந்த இரு கால்வாய்கள் இந்தப் படத்தில்தான் பிரியும்.

படத்தைத் திரையில் பெரிதாக்கிக் கால்வாயின் கருங்கோட்டை மேலிருந்து நுனிவரை மெதுவாகப் பின்தொடருங்கள். கோடு வேரின் நடுவில் ஓடவேண்டும். ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடினால் மறுபக்கத்தில் இன்னொரு கால்வாய் இருக்கிறது என்று கொள்ளலாம். கீழ் முன்கடைவாய்ப்பல்லில் அகலமாக வந்த கோடு வேரின் நடுப்பகுதியில் திடீரென்று மங்கிக் காணாமல் போனால், அவ்விடத்தில் கால்வாய் இரண்டாகப் பிரிகிறது. கால்வாய் அடைபட்டிருந்தால் கோடு சிறுகச் சிறுகத்தான் மெலியும், சட்டென்று அறுபடாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் கீழ் முதல் முன்கடைவாய்ப்பல்லில் ஏமாறுவது குறையும். அந்தப் பல்லில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு நுனியில் இரண்டு கால்வாய்கள் இருப்பதாக வெர்ட்டூச்சி 1984இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. படிவத்தில் 'முன்கடைவாய்ப்பல், எளிது' என்று டிக் போட்டுவிட்டு இதில் மாட்டிக்கொள்பவர்கள் மிகுதி. கீழ் வெட்டுப்பற்களிலும் இதே கதைதான். இரண்டாவது கால்வாய் நாக்குப் பக்கம் ஒளிந்திருக்கும், திறப்பைச் சற்று அந்தப் பக்கம் நீட்டினால் ஒழியத் தட்டுப்படாது.

மேல் முதல் கடைவாய்ப்பல்லின் மீசியோபக்கல் (முன்-கன்னப் பக்க) வேரில் பாதிக்கும் மேற்பட்ட பற்களில் இரண்டாவது கால்வாய் உண்டு. எக்ஸ்ரேயில் அது தெரியாததை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்டு என்றே தொடங்கி, தேடிப் பார்த்து, உருப்பெருக்கியின் கீழும் கிடைக்காதபோதுதான் இல்லை என்று எழுத வேண்டும். கிராஸ்னர், ரேங்கோ இருவரும் 500 பற்களின் கூழறையை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட விதிகள் இங்கே கைகொடுக்கும். கூழறையின் தரை சுவரைவிடக் கருத்திருக்கும். கால்வாய் வாய்கள் தரையும் சுவரும் சேரும் கோட்டில், அதன் மூலைகளில் இருக்கும். எனாமல் முடிந்து சிமெண்டம் தொடங்கும் கோட்டின் மட்டத்தில் கூழறை பல்லின் மையத்தில் அமைந்திருக்கும். சுவரின் வெளிறிய பகுதி தரைமேல் கவிந்திருந்தால் அதன் கீழே இன்னும் ஏதோ மறைந்திருக்கிறது என்று பொருள்.

வயதானவர்களின் பற்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டு வெற்றிலை பாக்கு மென்ற பல் தேய்ந்து தட்டையாகி, கூழறையின் கூரை தரையை நோக்கி இறங்கியிருக்கும். பர் கூரையைத் துளைத்ததும் 'சட்டென்று உள்ளே விழும்' உணர்வை எதிர்பார்த்துக் காத்திருப்பவர், அது வராமலே தரையையும் தாண்டி வேர்கள் பிரியும் இடத்தில் துளை போட்டுவிடுவார். இதற்கு எளிய காப்பு உண்டு. பர்ரைக் கைக்கருவியில் மாட்டி, எக்ஸ்ரே படத்தில் பல்லின்மேல் வைத்துப் பாருங்கள். தேயாத கடைவாய்ப்பல்லில் முகட்டிலிருந்து கூரைக்குச் சுமார் 6 மி.மீ. இருக்கும். உங்கள் நோயாளிக்கு எவ்வளவு என்பதைப் படத்தில் அளந்து, அந்த அளவில் பர் தண்டில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு வரை போயும் கூழறை தட்டவில்லையெனில் நிறுத்திவிட்டு, பர்ரைத் துளையிலேயே வைத்து இன்னொரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பக்கத்துப் பல் போனபின் சாய்ந்துவிட்ட கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல்லிலும், கேப் போட்ட பல்லிலும் இதே முறைதான். கேப்பின் அச்சு வேரின் அச்சைக் காட்டாது. இத்தகைய பற்களில் கால்வாய் வாய் கிடைக்கும்வரை ரப்பர் டேமை (பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் விரிப்பை) மாட்டுவதைத் தள்ளிப்போட்டு, வேரின் புடைப்பை விரலால் தடவித் திசை அறிந்துகொண்டு திறப்பது பயன் தரும்; ஆனால் டேம் இல்லாமல் ஃபைலையோ, கால்வாயைக் கழுவும் ஹைப்போகுளோரைட் திரவத்தையோ வாய்க்குள் கொண்டுபோகவே கூடாது.

சேலம், தருமபுரிப் பக்கம் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பல் கறைபட்டுக் குழிவிழுந்திருப்பவர்கள் மிகுதி. கால்வாய் அமைப்பில் அது குறுக்கிடாது. சிதைந்த பல்லின் சுவரை ரெசினால் (பல் நிற நிரப்புப் பொருளால்) எழுப்பி டேம் மாட்டும்போதுதான் அது சரியாகப் பிடிக்காமல் தொல்லை கொடுக்கும். பிடிப்புக்காகப் பூசும் அமிலத்தைச் சற்றுக் கூடுதல் நேரம் வைத்தால் போதும்.

வளைவு

படி விழுவது, நுனி கிழிந்து விரிவது, பக்கச்சுவர் துளைபடுவது, ஃபைல் உடைவது ஆகிய நான்கும் வளைவின் பிள்ளைகள். வளைவை ஷ்னைடர் 1971இல் சொன்ன முறையில் அளக்கலாம். கால்வாய் வாயிலிருந்து அதன் நேர்ப்போக்கில் ஒரு கோடு, கால்வாய் விலகத் தொடங்கும் இடத்திலிருந்து நுனிக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலான கோணமே வளைவு. கோணம் மட்டும் போதாது. ஒரே 30 பாகை, வேர் நெடுக மெல்ல வளைந்தால் தாங்கிக்கொள்ளலாம். கடைசி 3 மி.மீட்டரில் கொக்கிபோலத் திரும்பினால் நிக்கல் டைட்டானியம் ஃபைலையும் முறித்துவிடும்.

படத்தில் தெரியாத வளைவே கூடுதல் ஆபத்து. மேல் கடைவாய்ப்பல்லின் அண்ண வேர் பெரும்பாலும் கன்னப் பக்கமாகத் திரும்பும். அந்தத் திருப்பம் எக்ஸ்ரேயின் பார்வைத் திசையிலேயே அமைவதால் வேர் நேராகவும் அகலமாகவும், ஆகவே எளிதாகவும் தோன்றும். தடித்த ஃபைலை நேராக இறக்கினால் படி விழும். மேல் பக்க வெட்டுப்பல்லின் நுனியும் பின்பக்கமாகவும் அண்ணத்தை நோக்கியும் திரும்புவது வழக்கம்.

செய்முறை இவ்வளவே. முதலில் கால்வாயின் மேற்பகுதியை அகட்டி, ஃபைல் முதல் வளைவுவரை நேராகப் போக வழி செய்யுங்கள். பிறகு ஊதா நிற 10ஆம் எண் ஃபைலின் கடைசி 2, 3 மி.மீட்டரை மெல்ல வளைத்து, ரப்பர் நிறுத்தியின் கூர்முனையை வளைவின் திசைக்குத் திருப்பி வைத்து, கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் முன்னும் பின்னுமாகச் சிறிதே திருப்பி இறக்குங்கள். அது நுனிவரை போகவில்லையெனில் தள்ளக்கூடாது. வெளியே எடுத்து, ஹைப்போகுளோரைட்டால் கழுவி, 8ஆம் எண்ணோடு திரும்பப் போக வேண்டும். 10ஆம் எண் தளர்வாக ஏறி இறங்கிய பின்னரே 15. அதுவும் தளர்ந்தபின்தான் சுழலும் ஃபைல். எண்ணைத் தாவுவதும், உலர்ந்த கால்வாயில் தேய்ப்பதுமே படி விழுவதற்கான இரண்டு முதன்மைக் காரணங்கள். கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் மீசியல் (முன்பக்க) வேரில், வேர்கள் பிரியும் பக்கத்துச் சுவர் மிக மெல்லியது. அங்கே ஃபைலை எப்போதும் எதிர்ச்சுவரில் சாய்த்தே தேய்க்க வேண்டும். கடும் வளைவில் ஓடிய நிக்கல் டைட்டானியம் ஃபைலை அடுத்த நோயாளிக்கு வைத்துக்கொள்வது வீண் சிக்கனம். களைப்படைந்த உலோகம் வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் முறியும்.

நுனி

மூடாத நுனியிலும், வேர் கரைந்த பல்லிலும், துளைபட்ட பல்லிலும் பிழை வெளியே போவதாகவே அமையும். ஹைப்போகுளோரைட் திசுவுக்குள் போனால் நோயாளி அலறுவார். சில நிமிடங்களில் முகம் வீங்கும். தோல் கன்றிச் சிவக்கும். பக்கத்துளை ஊசியைக் கால்வாயில் இறுகாதபடி, நுனிக்கு 2 மி.மீட்டருக்கு மேலேயே நிறுத்தி, ஆள்காட்டி விரலால் மெதுவாக அழுத்த வேண்டும். நீளக்கணக்கின் விலையை ஷோக்ரென் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. கூழ் இறந்து நுனியில் நோய் பற்றிய பற்களில், நிரப்பு, எக்ஸ்ரேயில் தெரியும் நுனிக்கு 2 மி.மீட்டருக்குள் நின்றவை 94 விழுக்காடும், நுனியைத் தாண்டியவை 76 விழுக்காடும், 2 மி.மீட்டருக்கும் குட்டையாக நின்றவை 68 விழுக்காடும் ஆறின. வளைந்த வேரில் தொடக்கத்தில் எடுத்த நீளம் மேற்பகுதியை அகட்டியபின் சற்றுக் குறைந்துவிடும். நுனிவரை நீளத்தைக் காட்டும் கருவியான ஏபெக்ஸ் லொக்கேட்டரை மறுபடி வைத்துப் பாராமல் நிரப்பக்கூடாது.

எப்போது செய்வது, யாரிடம் அனுப்புவது

திருப்பூரில் பனியன் கம்பெனிச் சம்பளம் சனிக்கிழமை என்பதால் அன்று மாலை கிளினிக் நிரம்பும். கடினமான கடைவாய்ப்பல்லை அந்த மாலையில் வைத்துக்கொண்டால் பிழைக்கு நாமே தேதி குறித்துக் கொடுத்ததாகும். அத்தகைய பல்லை வாரநாள் காலையில், பின்னால் யாரும் காத்திராத நேரத்தில் வையுங்கள். வலியோடு வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கூழ் உயிரோடிருக்கும் கடைவாய்ப்பல்லில் கூழறையிலுள்ள கூழை மட்டும் எடுத்து மூடிவைத்தாலே வலி பெரும்பாலும் அடங்கிவிடும். கால்வாய்க்குள் ஒரு ஃபைலும் போகாததால், அடுத்துப் பார்ப்பவருக்குப் படி விழுந்த கால்வாய் போய்ச் சேராது.

தோட்டத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் பெரியவர் கேட்பது நியாயமே: "ஏனுங்க டாக்டரு, மறுக்கா மறுக்கா வர முடியாதுங்க, இன்னைக்கே முடிச்சுப்போடுங்க." அவரிடம் கடின மதிப்பீட்டின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி, "வலியை இன்னைக்கே நிறுத்திப்போடலாமுங்கய்யா. வேரு இந்த எடத்துல கொக்கியாட்டம் திரும்புதுங்க, இதுக்குன்னே தனியாப் படிச்சவரு மைக்ரோஸ்கோப் வச்சுப் பாக்கோணுங்க. நான் சீட்டு எழுதித் தர்றனுங்க" என்றால் புரிந்துகொள்வார். செலவு எவ்வளவு கூடும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

கோவை, சேலம், திருச்செங்கோடு, குமாரபாளையம் ஆகிய ஊர்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால், எம்.டி.எஸ். முடித்த எண்டோடான்டிஸ்ட் நம் பகுதியில் எட்டாத தொலைவில் இல்லை. அனுப்பும் சீட்டில் பல்லின் எண், உயிரோட்டச் சோதனையின் முடிவு, செய்த வேலை, போட்ட மருந்து, கண்ட கடினம் ஆகியவற்றை எழுதி, இரண்டு எக்ஸ்ரேக்களையும் சேர்த்து அனுப்புங்கள். கால்வாய் படத்தில் தெரியவேயில்லை என்றாலோ, வேர் கரைந்திருந்தாலோ, குறுகிய பரப்பு சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) எடுக்கலாமா என்று அவரிடமே கேட்பது நல்லது. எல்லோருக்கும் எழுதித் தர வேண்டிய சோதனை அன்று அது.

இத்தனைக்கும் பிறகு ஃபைல் உடைந்தால், அதன்மேல் இன்னொரு ஃபைலை விட்டு முட்டிப் பார்க்காமல் எக்ஸ்ரே எடுங்கள். மீதித் துண்டை அளந்து, உடைந்த நீளத்தைக் கணக்கிட்டு, ஃபைலின் எண்ணோடும் கால்வாயின் பெயரோடும் குறித்துவையுங்கள். நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்குள் அவரிடம் சொல்லிவிடுங்கள். பல்லைத் தற்காலிகமாக மூடி, உடைந்த மீதியை உறையிலிட்டுச் சீட்டோடு இணைத்து, அதே வாரத்தில் அவர் போய்ச் சேரும்படி நீங்களே தொலைபேசியில் நேரம் வாங்கிக் கொடுங்கள்.